சர்வதேச சமூக வளர்ச்சியில் முதுகலைப் படிப்பு: முதல் கேள்வியிலிருந்து முதல் வேலை வரை

ஒரு கிராமத்தில் அடிபம்பு போடுகிறார்கள். அதைப் பராமரிக்க ஒரு குழு அமைக்கிறார்கள். குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது நிதி கொடுத்தவர்களின் நிபந்தனை. பெயர்ப் பட்டியலிலும் பாதிப் பேர் பெண்களே. இரண்டு வருடம் கழித்துப் போய்ப் பார்த்தால் பம்பு வேலை செய்யவில்லை. வாஷர் தேய்ந்துபோயிருக்கிறது, அவ்வளவுதான். சிறிய தொகை இருந்தால் மாற்றிவிடலாம். ஆனால் குழுவின் பணம் ஒருவருடைய வீட்டில் இருக்கிறது, கூட்டம் ஒரு முறைகூட நடக்கவில்லை, தினமும் தண்ணீர் சுமக்கிற பெண்களுக்குத் தங்கள் பெயர் குழுவில் இருப்பதே தெரியாது.

பொறியாளருக்கு இது வாஷர் பிரச்சினை. கணக்கு பார்ப்பவருக்கு இது நிதிப் பிரச்சினை. சமூக வளர்ச்சி படிப்பவர் கேட்கும் கேள்வி வேறு: பம்பு நின்றால் யாருடைய உழைப்பு கூடுகிறதோ, அவர்கள் கையில் ஏன் முடிவெடுக்கும் அதிகாரம் இல்லை?

இந்த மாதிரி ஒரு கேள்வி, நீங்களே கண்ணால் பார்த்து மனதில் தங்கிய ஒரு கேள்வி, உங்களிடம் இருக்கிறதா? இந்த வழிகாட்டி முழுக்க அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கப் போகிறேன். எந்தப் பல்கலைக்கழகம், எந்த உதவித்தொகை, விண்ணப்பக் கடிதத்தில் என்ன எழுதுவது, ஆய்வேட்டுக்கு என்ன தலைப்பு என்று தனித்தனியாகத் திணறுகிறவர்களைப் பார்க்கிறேன். கேள்வி தெளிவானால் இந்த நான்கும் ஒரே சமயத்தில் பாதி முடிந்துவிடும்.

படி 1: இது என்ன படிப்பு என்று தெரிந்துகொள்ளுங்கள்

சமூக வளர்ச்சி என்றால் என்ன என்பதற்குச் சமூகக் கொள்கை அறிஞர் ஜேம்ஸ் மிட்ஜ்லி 1995-இல் கொடுத்த விளக்கம் இன்றும் வகுப்பறைகளில் முதலில் வருவது. அதன் சாரம் இது: மக்கள் அனைவரின் நலனுக்காகவும் திட்டமிட்டுக் கொண்டுவரப்படும் சமூக மாற்றம், அது பொருளாதார வளர்ச்சியோடு கைகோத்து நடக்க வேண்டும். அதே 1995-இல் கோபன்ஹேகனில் ஐக்கிய நாடுகள் சபை சமூக வளர்ச்சிக்கான உலக உச்சி மாநாட்டை நடத்தியது. வறுமை ஒழிப்பு, வேலைவாய்ப்பு, சமூக ஒருங்கிணைப்பு மூன்றும் அதன் மையம். அதற்கு ஐந்து வருடம் முன்பு, 1990-இல், பாகிஸ்தான் பொருளாதார அறிஞர் மஹ்பூப் உல் ஹக் முன்னின்று உருவாக்கிய முதல் மனித வளர்ச்சி அறிக்கை வந்திருந்தது. ஒரு நாட்டின் முன்னேற்றத்தை வருமானத்தால் மட்டும் அளக்காமல் ஆயுள், கல்வி ஆகியவற்றையும் சேர்த்து அளக்கலாம் என்ற எண்ணம் அப்போதுதான் அரசுகளின் மேசைக்குப் போனது. அதன் பின்னால் இருந்தது அமர்த்தியா சென்னின் சிந்தனை: ஒருவரிடம் என்ன இருக்கிறது என்பதோடு, அதைக் கொண்டு அவரால் என்ன செய்ய முடிகிறது, எப்படி வாழ முடிகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

பக்கத்துப் படிப்புகளோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். வளர்ச்சிப் பொருளாதாரம் கணிதமும் புள்ளியியலும் நிறைந்தது. சமூகப் பணி பெரும்பாலும் தனி மனிதர், குடும்பம், சிறு சமூகம் என்ற அளவில் நேரடியாகச் செயல்படக் கற்றுக்கொடுப்பது. பொதுக் கொள்கைப் படிப்பு அரசாங்கத்தின் உள்ளே இருந்து பார்ப்பது. நம் படிப்பு இந்த மூன்றிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. மானுடவியல், சமூகவியல், அரசியல் ஆகியவற்றிலிருந்து இன்னும் அதிகமாக எடுத்துக்கொள்கிறது.

வறுமையை அளப்பது, சமூகப் பாதுகாப்பு, பாலினம், கல்வி, சுகாதாரம், இடப்பெயர்வு, மக்கள் பங்கேற்பு, திட்ட மதிப்பீடு ஆகியவை வழக்கமாக வரும் பாடங்கள். ஒன்றை எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். மெக்ஸிகோ 1997-இல் புரோகிரேசா என்ற திட்டத்தில், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி உடல்நலப் பரிசோதனைக்கு வரும் ஏழைக் குடும்பங்களுக்குப் பணம் கொடுத்தது. பணம் தாயின் கைக்குப் போனது. பிரேசில் 2003-இல் போல்சா ஃபமீலியா என்ற இதே மாதிரித் திட்டத்தைக் கொண்டுவந்தது. பள்ளி வருகை கூடியது, உண்மை. கூடவே ஒரு கேள்வியும் வந்தது: நிபந்தனைகளை நிறைவேற்ற வரிசையில் நிற்பதும் கூட்டங்களுக்குப் போவதும் அந்தத் தாய்தானே, அவளுடைய வேலைச்சுமை கூடியதா குறைந்ததா? இப்படி ஒரே திட்டத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்க்கும் பழக்கத்தைத்தான் இந்தப் படிப்பு தருகிறது. உங்களுக்கு இது பிடித்திருந்தால் மேலே படியுங்கள்.

படி 2: இப்போதே போக வேண்டுமா என்று யோசியுங்கள்

இளங்கலை முடித்த கையோடு போகலாம், பல படிப்புகள் சேர்த்துக்கொள்ளும். ஆனால் என் உறுதியான கருத்து: முடிந்தால் இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டுப் போங்கள். பெரிய உதவித்தொகைகள் அனுபவம் கேட்கின்றன என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், களத்தைப் பார்க்காதவருக்கு இந்தப் பாடங்கள் வெறும் வார்த்தைகளாக நின்றுவிடும். அதிகாரம், பங்கேற்பு, விளிம்புநிலை என்று பக்கம் பக்கமாக வரும்போது, ஒரு முகமோ ஒரு சம்பவமோ நினைவுக்கு வர வேண்டும்.

வேலை பெரியதாக இருக்க வேண்டியதில்லை. ஊரக ஆய்வில் கணக்கெடுப்பாளர், பள்ளி ஆசிரியர், சுகாதாரத் திட்டத்தில் ஒருங்கிணைப்பாளர், உள்ளூராட்சி அலுவலக ஊழியர், தொழிற்சங்கத்தில் உதவியாளர், எதுவானாலும் சரி. பார்க்கிற கண்தான் முக்கியம். சசெக்ஸ் வளர்ச்சி ஆய்வு நிறுவனத்தில் நெடுங்காலம் பணியாற்றிய ராபர்ட் சேம்பர்ஸ், வெளியிலிருந்து வருகிறவர்கள் கிராமத்து வறுமையை ஏன் பார்க்கத் தவறுகிறார்கள் என்று 1983-இல் விளக்கினார். அவர்கள் தார்ச்சாலையை ஒட்டிய ஊர்களுக்குத்தான் போவார்கள். திட்டம் நடக்கிற இடத்தைத்தான் பார்ப்பார்கள். தலைவர்களோடும் ஆண்களோடும்தான் பேசுவார்கள். மழைக்காலத்தில் பாதை சரியில்லை என்று வறண்ட காலத்தில் வருவார்கள், பசியும் நோயும் கூடுகிற மழைக்காலம் அவர்கள் கண்ணில் படாது. சங்கடமான கேள்வியை மரியாதை கருதிக் கேட்காமல் விடுவார்கள்.

இந்தப் பட்டியலை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, உங்கள் வேலையில் நீங்களே எத்தனை முறை இப்படிச் செய்தீர்கள் என்று தேதி போட்டுக் குறித்துவாருங்கள். ஆறு மாதத்தில் அந்த நோட்டு உங்கள் விண்ணப்பத்தின் முதல் வரைவாகிவிடும். இதை நான் சும்மா சொல்லவில்லை. நல்ல கடிதங்கள் எல்லாமே இப்படிப்பட்ட குறிப்புகளிலிருந்து வந்தவைதான்.

படி 3: படிப்பைத் தேர்ந்தெடுப்பது

முதலில் ஒன்று. ‘சர்வதேச சமூக வளர்ச்சி’ என்ற பெயரை மட்டும் வைத்துத் தேடாதீர்கள். சில இடங்களில் வளர்ச்சி ஆய்வுகள் என்று இருக்கும். சில இடங்களில் சமூகக் கொள்கையும் வளர்ச்சியும், சில இடங்களில் பாலினமும் வளர்ச்சியும், சில இடங்களில் வறுமையும் ஏற்றத்தாழ்வும். பெயர் மாறினாலும் உள்ளே இருக்கும் பாடங்கள் பாதிக்கு மேல் ஒன்றாகவே இருக்கும்.

இத்துறையில் பழைய பெயர் பெற்ற இடங்களில் சிலவற்றைச் சொல்கிறேன். தி ஹேக் நகரில் 1952-இல் தொடங்கிய சமூக ஆய்வு நிறுவனம் 2009-இலிருந்து ராட்டர்டாமின் எராஸ்மஸ் பல்கலைக்கழகத்தின் பகுதி. உலகின் தென்பகுதி நாடுகளிலிருந்து வேலை அனுபவத்தோடு வருகிறவர்கள் அங்கே கூடுதல். பிரிட்டனில் 1966-இல் நிறுவப்பட்ட சசெக்ஸ் நிறுவனம், லண்டன் பொருளாதாரப் பள்ளி, மான்செஸ்டர், ஈஸ்ட் ஆங்கிலியா, லண்டனின் சோயாஸ் ஆகிய எல்லாவற்றிலும் வளர்ச்சிக்கென்று வலுவான துறைகள் உண்டு. தென்னாப்பிரிக்காவில் வெஸ்டர்ன் கேப் பல்கலைக்கழகத்தில் சமூக வளர்ச்சிக்கென்றே தனி நிறுவனம் இருக்கிறது. மும்பையில் 1936-இல் தொடங்கிய டாடா சமூக அறிவியல் நிறுவனம், டாக்காவின் பிராக் பல்கலைக்கழகம் ஆகியவையும் நினைவில் இருக்கட்டும். மேற்கே போனால்தான் இந்தப் படிப்பு என்ற எண்ணம் தவறு. எந்த மக்களைப் பற்றிப் படிக்கிறோமோ அவர்கள் நடுவிலேயே இருந்து படிப்பதில் ஒரு ஆழம் இருக்கிறது, செலவும் குறைவு.

பட்டியலில் பத்து இடங்கள் சேர்ந்ததும் அதை நான்காகக் குறைக்க ஒரு வழி சொல்கிறேன். தரவரிசையை மூடிவிட்டு, ஒவ்வொரு படிப்பின் பாடப் பட்டியலையும் திறவுங்கள். கட்டாயப் பாடங்களைப் பாருங்கள். ஆய்வு முறைகள் கட்டாயமா, விருப்பப் பாடமா? கட்டாயமாக இல்லாவிட்டால் யோசிக்க வேண்டும். பேட்டி எடுப்பது, கணக்கெடுப்பு வடிவமைப்பது, தரவைப் படிப்பது இவை இல்லாமல் வெளியே வந்தால் வேலைச் சந்தையில் கஷ்டம். அடுத்து, உங்கள் கேள்விக்கு நெருக்கமான பாடம் ஒன்றாவது இருக்கிறதா? அதை நடத்துகிறவர் கடைசியாக எங்கே களப்பணி செய்தார்? அவருடைய ஒரு கட்டுரையையாவது தேடிப் படியுங்கள். படித்து முடித்ததும் அவரோடு வாதாட வேண்டும் என்று தோன்றினால் அது நல்ல அறிகுறி.

ஒரு வருடமா இரண்டு வருடமா என்பதும் முக்கியம். பிரிட்டனில் முதுகலை வழக்கமாக ஒரு வருடம், 180 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்குப் பத்து மணி நேரப் படிப்பு என்று கணக்கு, ஆக ஒரு வருடத்தில் 1,800 மணி நேரம். மூச்சு விட நேரமிருக்காது. ஐரோப்பாவின் மற்ற நாடுகளில் இரண்டு வருடப் படிப்புகள் அதிகம், 120 ஐரோப்பிய கிரெடிட். வேலையை விட்டு ஒரு வருடத்துக்கு மேல் விலகி இருக்க முடியாதவர்களுக்கு முதலாவது. துறை மாறி வருகிறவர்களுக்கும், இடையில் பயிற்சி வேலை பார்க்க விரும்புகிறவர்களுக்கும் இரண்டாவது.

இன்னொன்று செய்யுங்கள். இப்போது அங்கே படிக்கிற ஒரு மாணவரைக் கண்டுபிடித்து மூன்று விஷயம் கேளுங்கள்: செமினாரில் எத்தனை பேர், ஆய்வேட்டு வழிகாட்டி எத்தனை முறை சந்திப்பார், களப்பணிக்கு நிதி உண்டா. விளம்பரக் கையேட்டில் இந்த மூன்றுக்கும் பதில் இருக்காது.

படி 4: பணமும் காலண்டரும்

படிப்பு தொடங்குவதற்குப் பதினெட்டு மாதம் முன்பே வேலையைத் தொடங்குங்கள். பல நல்ல விண்ணப்பதாரர்கள் தகுதி இருந்தும் தோற்பது இங்கேதான். செப்டம்பரில் தொடங்கும் படிப்புக்கான உதவித்தொகைக் கதவு பெரும்பாலும் முந்தைய வருடமே மூடிவிடும்.

செவ்னிங் பிரிட்டன் அரசின் உதவித்தொகை, 1983-இலிருந்து இருக்கிறது. வழக்கமாக ஆகஸ்டில் திறந்து அக்டோபரிலோ நவம்பர் தொடக்கத்திலோ மூடும். குறைந்தது இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும், அதை 2,800 மணி நேரம் என்று கணக்கிடுகிறார்கள். படிப்பு முடிந்ததும் இரண்டு வருடம் சொந்த நாட்டுக்குத் திரும்பியிருக்க வேண்டும். காமன்வெல்த் உதவித்தொகையின் திட்டம் 1959-இல் உருவானது. அதன் விண்ணப்பத்தில், இந்தப் படிப்பு உங்கள் நாட்டின் வளர்ச்சிக்கு என்ன செய்யும் என்ற கேள்விக்குக் கனமான இடம் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் கூட்டுப் படிப்புகளில் இரண்டு மூன்று நாடுகளில் மாறி மாறிப் படிக்கலாம். உதவித்தொகை கிடைத்தால் கட்டணம் கிடையாது, மாதம் 1,400 யூரோ கொடுக்கிறார்கள். பெரும்பாலான படிப்புகள் அக்டோபர் முதல் ஜனவரிக்குள் விண்ணப்பம் வாங்கிவிடும். ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் (DAAD) வளர்ச்சி சார்ந்த முதுகலைப் படிப்புகளுக்கென்று தனித் திட்டம் வைத்திருக்கிறது. அதற்கு இரண்டு வருட அனுபவம் வேண்டும், கடைசிப் பட்டம் வாங்கி ஆறு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. ஜப்பானும் உலக வங்கியும் சேர்ந்து நடத்தும் உதவித்தொகைக்கு மூன்று வருட வளர்ச்சித் துறை அனுபவம் தேவை. ஆஸ்திரேலியா அவார்ட்ஸும் படிப்பு முடிந்து இரண்டு வருடம் நாடு திரும்பியிருக்கச் சொல்லும்.

விதிகள் வருடத்துக்கு வருடம் சற்று மாறும். ஆகவே உங்கள் நாட்டுக்கான பக்கத்தை அந்த வருடமே திறந்து பாருங்கள், போன வருடம் போனவர் சொன்னதை நம்ப வேண்டாம். ஆங்கிலத் தேர்வையும் இந்தக் காலண்டரில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண் இரண்டு வருடம் செல்லும், பெரும்பாலான படிப்புகள் 6.5-க்குக் குறையாமல் கேட்கின்றன, எழுத்துப் பகுதிக்குத் தனி வரம்பு இருக்கலாம்.

கடன் வாங்கிப் போகலாமா என்று பலர் கேட்கிறார்கள். மனதைத் திறந்தே சொல்கிறேன்: இந்தத் துறையின் தொடக்கச் சம்பளத்தை வைத்துப் பெரிய கடனை அடைப்பது கடினம். முழு உதவித்தொகை கிடைக்காவிட்டால் ஒரு வருடம் தள்ளிப்போட்டு மறுபடி விண்ணப்பிப்பது அவமானம் இல்லை. இரண்டாவது, மூன்றாவது முறையில் கிடைத்தவர்கள் ஏராளம், அவர்களுடைய கடிதமும் ஒவ்வொரு முறையும் மெருகேறியிருந்தது.

படி 5: நோக்கக் கடிதம்

இதில் சற்று நேரம் செலவிடுகிறேன், ஏனென்றால் தேர்வுக் குழு உங்களை நேரில் பார்ப்பதற்கு முன் பார்ப்பது இதைத்தான்.

வழக்கமாக வரும் தொடக்கம் இப்படி இருக்கும்: “சிறு வயதிலிருந்தே ஏழைகளுக்கு உதவ வேண்டும் என்ற ஆர்வம் எனக்கு உண்டு. வறுமை இன்றைய உலகின் மிகப் பெரிய சவால். உங்கள் புகழ்பெற்ற பல்கலைக்கழகத்தில் படித்துச் சமூகத்தில் மாற்றம் கொண்டுவர விரும்புகிறேன்.” எழுதியவரின் மனம் நல்ல மனம், அதில் சந்தேகமில்லை. ஆனால் பெயரை மாற்றினால் இந்த வரிகள் யாருக்கும் பொருந்தும். படிக்கிறவருக்கு உங்களைப் பற்றி எதுவும் தெரியாமல் போகிறது.

இப்போது அடிபம்புக்கு வருவோம். அதே ஆள் இப்படித் தொடங்கலாம்: “பதினான்கு கிராமங்களில் தண்ணீர்க் குழுக்களை அமைக்க உதவினேன். ஒவ்வொன்றிலும் பாதிப் பேர் பெண்கள் என்று அறிக்கையில் எழுதினேன். இரண்டு வருடம் கழித்து மறுபடி போனபோது, ஒன்பது கிராமங்களில் அந்தப் பெண்கள் ஒரு கூட்டத்துக்குக்கூட அழைக்கப்படவில்லை என்று தெரிந்தது. நான் எழுதிய அறிக்கை பொய்யில்லை. ஆனால் அது எதையும் சொல்லவும் இல்லை.” இதைப் படித்தவர் அடுத்த பத்தியைப் படிக்காமல் வைக்க மாட்டார். எண் இருக்கிறது, இடம் இருக்கிறது, தன் வேலையைத் தானே கேள்வி கேட்கும் நேர்மை இருக்கிறது. (எண்கள் உங்களுடைய உண்மையான எண்களாக இருக்க வேண்டும். இட்டுக்கட்டினால் நேர்காணலில் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும்.)

அப்புறம், அந்தச் சம்பவத்திலிருந்து ஒரு அறிவுக் கேள்விக்கு ஏற வேண்டும். “பெண்களை எண்ணிக்கையில் சேர்ப்பதற்கும் அவர்கள் முடிவெடுப்பதற்கும் இடையே என்ன நடக்கிறது?” இங்கே துறையின் சிந்தனை ஒன்றைத் தொடுங்கள். ஆய்வாளர் மாக்ஸீன் மாலினோ 1985-இல் பெண்களின் நடைமுறை நலன்களையும் அடிப்படை மாற்றம் சார்ந்த நலன்களையும் பிரித்துக் காட்டினார், கரோலின் மோசர் அதைத் திட்டமிடலுக்குக் கொண்டுவந்தார். பக்கத்திலேயே தண்ணீர் கிடைப்பது முதல் வகை. தண்ணீரைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை இரண்டாவது வகை. இந்த ஒரு வரி போதும், நீங்கள் படிக்கத் தயாராக இருக்கிறீர்கள் என்பதற்கு. ஆறு பெயர்களை அடுக்கினால் எடுபடாது.

மூன்றாவது பகுதியில், ஏன் இந்தப் படிப்பு. பாடத்தின் பெயர், அது உங்கள் கேள்விக்கு எப்படி உதவும் என்று இரண்டு மூன்று வாக்கியம். பல்கலைக்கழகத்தைப் புகழ வேண்டாம், அவர்களுக்குத் தங்கள் பெருமை தெரியும். கடைசியாக, திரும்பி வந்து என்ன செய்வீர்கள். “கொள்கையில் தாக்கம் ஏற்படுத்துவேன்” என்று எழுதாமல், எந்த அமைப்பில், எந்தப் பொறுப்பில், எந்த நடைமுறையை மாற்றுவீர்கள் என்று எழுதுங்கள்.

எழுதியதை இரண்டு பேரிடம் கொடுங்கள்: துறை தெரிந்த ஒருவர், துறை தெரியாத ஒருவர். இரண்டாமவர் எங்கே தடுமாறுகிறாரோ அங்கே நீங்கள் சொல்லை நம்பிப் பொருளை விட்டிருக்கிறீர்கள்.

பரிந்துரைக் கடிதத்துக்குப் பெரிய பதவியில் இருப்பவரைவிட உங்கள் வேலையைக் கூடவே இருந்து பார்த்தவர் மேல். உங்கள் கடிதத்தையும் நீங்கள் சேர்ந்து செய்த வேலைகளின் குறிப்பையும் ஆறு வாரம் முன்பே அவருக்கு அனுப்பிவிடுங்கள்.

படி 6: வகுப்பு தொடங்கும் முன்னும் முதல் மாதங்களும்

போவதற்கு முன் படிக்க ஒரு கதையை மட்டும் சொல்கிறேன். லெசோதோ என்ற சிறிய ஆப்பிரிக்க நாடு, நான்கு பக்கமும் தென்னாப்பிரிக்கா. 1975-இல் அங்கே தாபா-செகா என்ற மலைப்பகுதியில் உலக வங்கியும் கனடாவும் ஒரு வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கின. அந்த மக்கள் நவீனப் பொருளாதாரம் தொடாத விவசாயிகள், சாலையும் சந்தையும் வந்தால் கால்நடையை விற்று முன்னேறுவார்கள் என்பது திட்டத்தின் கணக்கு. உண்மையில் அந்த வீடுகளின் ஆண்கள் பல தலைமுறையாகத் தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில் கூலிக்கு உழைத்துக்கொண்டிருந்தார்கள். மாடு என்பது அவர்களுக்கு விற்பனைச் சரக்கு அல்ல, சுரங்கத்திலிருந்து திரும்பும் காலத்துக்கான சேமிப்பு. சாலை வந்தது, அரசின் கை அந்த மலைக்குள் நீண்டது, வறுமை போகவில்லை. மானுடவியலாளர் ஜேம்ஸ் ஃபெர்குசன் 1990-இல் இதை விரிவாக எழுதினார். அரசியல் பிரச்சினையைத் தொழில்நுட்பப் பிரச்சினையாக மாற்றிச் சொல்லும்போது என்ன நடக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. முதல் வாரத்திலேயே இந்தப் பெயர் வகுப்பில் வரக்கூடும்.

முதல் செமஸ்டரில் வாராவாரம் குவியும் வாசிப்பு திகைக்க வைக்கும். எல்லாவற்றையும் வரிவரியாகப் படிக்க முடியாது, எதிர்பார்க்கவும் மாட்டார்கள். முன்னுரையையும் முடிவுரையையும் முதலில் படித்து, ஆசிரியர் யாரோடு வாதாடுகிறார் என்று கண்டுபிடியுங்கள். அப்புறம் நடுவில் ஒரு பகுதியை மட்டும் ஆழமாகப் படியுங்கள். செமினாரில் ஆங்கிலம் சரளமாகப் பேசுகிறவர்கள் முதல் பத்து நிமிடத்தை எடுத்துக்கொள்வார்கள். பயப்படாதீர்கள். “நான் வேலை பார்த்த இடத்தில் இது இப்படி நடந்தது” என்று நீங்கள் தொடங்கும் ஒரு வாக்கியத்துக்கு வகுப்பே திரும்பும். உங்களிடம் இருப்பது அவர்கள் புத்தகத்தில் தேடிக்கொண்டிருப்பது.

கட்டுரை எழுதுவதில் ஒரு பழக்கத்தை மாற்ற வேண்டியிருக்கும். படித்ததையெல்லாம் தொகுத்துச் சொன்னால் மதிப்பெண் வராது. முதல் பத்தியிலேயே உங்கள் வாதம் என்ன என்று சொல்ல வேண்டும், பிறகு அதற்கு எதிரான சான்றையும் நீங்களே கொண்டுவர வேண்டும்.

புள்ளியியல் பயந்து ஒதுக்க வேண்டிய பாடம் இல்லை. 2010-இல் வந்த பல்பரிமாண வறுமைக் குறியீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சுகாதாரம், கல்வி, வாழ்க்கைத் தரம் என்று 3 பரிமாணம், அவற்றுக்குள் 10 அளவுகோல். எந்த அளவுகோலுக்கு எவ்வளவு எடை என்று யாரோ ஒருவர் முடிவெடுக்கிறார், அந்த முடிவால் சிலர் ஏழைகள் பட்டியலுக்குள் வருகிறார்கள், சிலர் வெளியே போகிறார்கள். கணக்கு தெரிந்தால்தான் அந்த முடிவைக் கேள்வி கேட்க முடியும்.

படி 7: ஆய்வேடு

பிரிட்டன் முறையில் 180 கிரெடிட்டில் 60 பெரும்பாலும் ஆய்வேட்டுக்குத்தான். படிப்பின் மூன்றில் ஒரு பங்கு. இங்கே உங்கள் பழைய கேள்வி மறுபடி வெளியே வர வேண்டும், ஆனால் சுருங்கி வர வேண்டும். “தண்ணீர் மேலாண்மையில் பாலினம்” என்பது தலைப்பே அல்ல, அது ஒரு நூலகம். “இரண்டு கிராமங்களின் தண்ணீர்க் குழுக்களில் கூட்டம் எப்போது, எங்கே, யாரால் கூட்டப்படுகிறது, அது பெண்களின் வருகையை எப்படித் தீர்மானிக்கிறது?” என்பது மூன்று மாதத்தில் செய்து முடிக்கக்கூடிய தலைப்பு.

களத்துக்குப் போவதா, இருக்கிற தரவை வைத்து எழுதுவதா? களம் என்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும், அதற்கு வாரக்கணக்கில் ஆகும். பயணச் செலவு, மொழி, அறிமுகம் செய்துவைக்கும் ஆள் எல்லாம் வேண்டும். வீட்டுக் கணக்கெடுப்புத் தரவுகள் பல இலவசமாகவே கிடைக்கின்றன: யுனிசெஃப் 1995-இலிருந்து நடத்தும் பல்குறியீட்டுக் கணக்கெடுப்பு, உலக வங்கியின் வாழ்க்கைத் தர ஆய்வுகள் போன்றவை. பதிவு செய்து காரணம் சொன்னால் போதும். மூன்றாவது வழி ஆவணங்கள்: திட்ட அறிக்கைகள், மதிப்பீடுகள், கொள்கை உரைகள். லெசோதோ ஆய்வின் பலமே, திட்ட ஆவணம் மக்களை எப்படி வர்ணிக்கிறது என்று கூர்ந்து படித்ததில்தான் இருந்தது.

களத்துக்குப் போனால் சில விஷயங்களில் கறாராக இருங்கள். ஒப்புதல் என்பது கையெழுத்து வாங்குவது அல்ல. எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் அதிகாரத் தோரணையில் ஒரு தாளை நீட்டினால் அவர் பயந்து ஒப்புக்கொள்வார். என்ன கேட்கப் போகிறீர்கள், பதில் எங்கே போகும், இதனால் அவருக்கு எந்தப் பணமோ திட்டமோ வராது, நடுவில் எழுந்து போகலாம் என்பதை அவர் மொழியில் நிதானமாகச் சொல்லுங்கள். உங்களோடு வருகிறவர் யார் என்பதையும் கவனியுங்கள். தலைவரின் உறவினர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் உண்மை வராது. பெயரை மாற்றினால் மட்டும் அடையாளம் மறையாது. சிறிய ஊரில் “ஆசிரியை, மூன்று பிள்ளைகள், கணவர் வெளிநாட்டில்” என்று எழுதினால் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

அன்றைய பேட்டியை அன்றே எழுதி முடியுங்கள். பதினைந்து பேட்டிகளை மாதக் கடைசிக்குத் தள்ளிவைத்தவர்கள் அனைவரும் ஒலிப்பதிவுக்கு முன் உட்கார்ந்து வருந்தியிருக்கிறார்கள். மொழிபெயர்க்கும்போது, ஆங்கிலத்தில் சரியான சொல் இல்லாத சொற்களை அப்படியே வைத்து விளக்குங்கள். பல சமயம் உங்கள் கண்டுபிடிப்பு அந்தச் சொல்லுக்குள்தான் இருக்கும்.

படி 8: வேலை

2025 இந்தத் துறைக்குக் கடுமையான வருடம். அமெரிக்க அரசு ஜனவரியில் வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தது, அந்த உதவியை நிர்வகித்துவந்த யுஎஸ்எய்ட் அமைப்பு ஜூலை 1-இல் செயல்பாட்டை முடித்துக்கொண்டது. பிரிட்டன் தன் உதவியைத் தேசிய வருமானத்தில் 0.5 சதவீதத்திலிருந்து 2027-க்குள் 0.3 சதவீதமாகக் குறைப்பதாக அறிவித்தது. ஐக்கிய நாடுகள் சபை 1970-இல் வைத்த இலக்கு 0.7 சதவீதம் என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது. அனுபவமுள்ள பலர் வேலை இழந்தார்கள், அவர்களும் இப்போது அதே வேலைகளுக்கு விண்ணப்பிக்கிறார்கள். இதைத் தெரிந்துகொண்டுதான் இந்தப் படிப்புக்குள் வர வேண்டும்.

அதனால் கதவுகள் எல்லாம் அடைபட்டுவிட்டன என்று இல்லை. சமூகப் பாதுகாப்புத் திட்டங்களை நடத்தும் அரசுத் துறைகள், ஆய்வு நிறுவனங்கள், அறக்கட்டளைகள், பருவநிலைத் தகவமைப்பு வேலைகள், உள்நாட்டுத் தொண்டு நிறுவனங்கள் ஆகியவற்றில் ஆள் தேவை இருக்கிறது. திட்டங்களின் கண்காணிப்பும் மதிப்பீடும் தெரிந்தவருக்கு வழி கொஞ்சம் எளிது. ஐ.நா.-வில் பி-2 என்ற தொடக்க நிலை அதிகாரி வேலைக்கு வழக்கமாக முதுகலையும் இரண்டு வருட அனுபவமும் கேட்பார்கள். இளம் வல்லுநர் தேர்வுக்கு வயது 32-க்கு மேல் இருக்கக் கூடாது. ஐ.நா. தன்னார்வலர் வழி இன்னொன்று. ஐ.நா.-வை மட்டும் நம்பிப் படிக்க வராதீர்கள் என்று நான் அழுத்திச் சொல்வேன். அங்கே போட்டி அவ்வளவு கடுமை.

வேலை தேடலைப் படிப்பின் இரண்டாவது மாதமே தொடங்குங்கள், ஒரு வருடப் படிப்பு என்றால் கண்டிப்பாக. ரிலீஃப்வெப், டெவெக்ஸ் தளங்களில் உங்களுக்குப் பிடித்த இருபது வேலை விளம்பரங்களைச் சேர்த்து, அவற்றில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் திறன்களைக் குறியுங்கள். அதில் உங்களிடம் இல்லாத இரண்டை இரண்டாவது செமஸ்டர் பாடங்களாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆய்வேட்டை முடித்ததும் அதை இரண்டு பக்கமாகச் சுருக்கி எழுதுங்கள்: என்ன கேட்டேன், என்ன கண்டேன், என்ன மாற்றலாம். வேலை விண்ணப்பத்தோடு இணைக்க இதைவிட நல்ல சான்று இல்லை. உங்கள் கேள்வியில் அக்கறையுள்ள ஐந்தாறு அமைப்புகளுக்கு இதை நேரடியாக அனுப்பலாம், சிலர் பேசக் கூப்பிடுவார்கள். ஆனால் முதல் பிரதி அவர்களுக்கு அல்ல. அதே இரண்டு பக்கத்தைப் பேட்டி கொடுத்தவர்களின் மொழியில் எழுதி, படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்ட ஒருவரை ஏற்பாடு செய்து, முதலில் அந்தக் கிராமத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள். அவர்கள் அதில் ஏதாவது தவறு என்று சொன்னால், திருத்திவிட்டு அப்புறம் மற்றவர்களுக்கு அனுப்புங்கள்.